புதுப்பட்டை

நெடுந்தூர ஓட்டத்தைப் பல்லாண்டு விட்டிருந்தவன் மீண்டும் பயிற்சிக்கு வரும்போது அவனுக்குப் பகை யார்? வயது அன்று; முன்பு ஓடிய அவனே. சிலிம் ரிவரின் பழைய தோட்டச் சாலையில் ஒருவன் வைகறையில் ஓடத் தொடங்குகிறான் எனக் கொள்வோம். சில வாரங்களில் மூச்சு சீராகும். இதயமும் விரைவில் பழகும். தசைநாண்கள் உறுதி பெறவோ பல திங்கள் வேண்டும். அதற்குள், "பத்துக் கல் ஓடியவனல்லவா நீ!" என்று நினைவு தூண்டும். கணுக்காலில் வலி பிறப்பது அப்போதுதான்.

பால் வெட்டியவர்கள் இதனை அறிவர். வெட்டிய இடத்தில் வளரும் புதுப்பட்டை பார்வைக்கு ஆறியதாகவே தோன்றும். அது தடிக்க ஆண்டுகள் பல ஆகும். அதற்குமுன் வெட்டினால் கத்தி மரத்தைத் தொட்டுப் புண்ணாக்கிவிடும். ரப்பர் அகன்று செம்பனை வந்த தோட்டங்களில் இவ்வறிவு மறைந்து வருவது தனிக்கதை.

பஞ்சாபில் பிறந்து லண்டனில் வாழ்ந்த பௌஜா சிங், இளமையில் ஓடிப் பின் விட்டவர். மகனை இழந்த துயரில் முதுமையில் மீண்டும் ஓட வந்தார். 2000ஆம் ஆண்டில் லண்டன் மாரத்தானை ஓடியபோது அவருக்கு வயது 89 என்றனர். ஒப்பிட்டு வருந்தப் பழைய மாரத்தான் கணக்கு அவரிடம் இல்லை. கணக்கு உடையவனுக்கே துன்பம். மூன்று மணியில் முடித்த தொலைவை ஐந்து மணியில் முடிக்க அவன் நாணுகிறான். அந்த ஐந்து மணியில் ஓடி முடித்தவர்களை அன்று அவன் எவ்வாறு எண்ணியிருந்தான் என்பது அந்த நாணத்தில் வெளிப்பட்டுவிடுகிறது.