தொட்டி யாருடையது?

1941 பெப்ரவரியில், ஒக்ஸ்போட் வைத்தியசாலையொன்றில் நஞ்சேறிய புண்களோடு கிடந்த பொலிஸ்காரர் ஒருவருக்குப் பெனிசிலின் ஏற்றப்பட்டது. சில நாட்களில் காய்ச்சல் தணிந்தது. மருந்து போதாமையால் அவரது சிறுநீரிலிருந்தே அதனைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றினர். அதுவும் தீர்ந்தது, மார்ச்சில் அவர் இறந்தார். மருந்து கண்டறியப்பட்டாயிற்று, அதைப் போதியளவு ஆக்கும் வழிதான் தெரியவில்லை.

அவ்வழியைத் தேடி அவ்வாண்டிலேயே புளோரியும் ஹீட்லியும் அமெரிக்கா சென்றனர். இலினோயிலுள்ள பியோரியா நகரின் அரசாங்க ஆய்வுகூடத்தில், சோளத்திலிருந்து மா எடுத்தபின் எஞ்சும் ஊறல்நீர் பூஞ்சணத்துக்கு உணவாயிற்று, விளைவு பன்மடங்காகியது. பூஞ்சணம் பிடித்த முலாம்பழமொன்றில் மேலும் வீரியமான இனம் அகப்பட்டது. தட்டங்களின் மேற்பரப்பில் மட்டுமே வளர்ந்த பூஞ்சணம், காற்றுச் செலுத்திக் கலக்கப்படும் பெருந்தொட்டிகளுள் மூழ்கி வளரலாயிற்று. இன்றைய உயிர்த்தொழில்நுட்பக் கைத்தொழில் பெரிதும் அத்தொட்டிகளின் வழிவந்ததே.

இதற்கிடையே ஒக்ஸ்போட்டில் ஓர் அறவழக்கு எழுந்தது. ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வந்த யூதரான செயின், ஆக்கவுரிமை பெறவேண்டும் என வாதாடினார். நாம் பெறாவிடில் பிறர் பெற்று மக்களைச் சுரண்டுவர் என்பது அவர் அச்சம். மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் செயலாளர் மெலன்பி மறுத்தார். உயிர்காக்கும் மருந்தின்மீது உரிமை கொண்டாடுதல் அறமன்று என்றார். நம்மிற் பலர் மெலன்பியின் பக்கமே நிற்போம். நானும் நெடுங்காலம் அப்படியே நின்றேன்.

ஆயின் நடந்ததென்ன? பியோரியாவில் பணியாற்றிய மோயர், 1945இல் உற்பத்தி முறைகளுக்குப் பிரித்தானியாவிலேயே ஆக்கவுரிமை கோரினார். ஆழ்தொட்டி முறையைப் பெறப் பிரித்தானியக் கம்பனி அமெரிக்கக் கம்பனிகளுக்குப் பணம் செலுத்திற்று. மெலன்பியின் அறம் தூயதுதான். ஆனால் அது பூஞ்சணத்தைப் பற்றி எண்ணியதேயன்றித் தொட்டியைப் பற்றி எண்ணவில்லை. பொதுவில் விட்ட காணி, வேலியடிக்க வசதி படைத்தவனுக்கே போய்ச் சேர்ந்தது. செயினின் வழியும் எனக்கு முழு உடன்பாடன்று. நல்லவன் அடைத்தாலும் வேலி வேலிதானே!

இந்தியா வேறு வழி கண்டது. 1954இல் பூனாவுக்கு அருகே பிம்பிரியில், உலக சுகாதார நிறுவனத்தினதும் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்தினதும் உதவியோடு அரசாங்கமே இந்துஸ்தான் அன்டிபயோட்டிக்ஸ் தொழிற்சாலையை நிறுவிற்று. மறுவருடமே பெனிசிலின் வெளிவந்தது. 1990களில் அது நலிந்தது. பொதுவுடைமை தோற்றதென இதனைக் காட்டுவோர் உளர். சீனத்து மலிவுப் பெனிசிலினின் முன் இந்தியத் தனியார் தொட்டிகளும் ஓய்ந்ததை அவர்கள் கூறுவதில்லை. 2024இல் ஆந்திராவின் காக்கிநாடாவில் மீண்டும் தொட்டிகள் இயங்கத் தொடங்கின. ஊக்கத்தொகை அரசாங்கத் திட்டத்தினுடையது, தொழிற்சாலை தனியாருடையது.