கயிற்றின் மேல் ஒரு மரபுரிமை

பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்பவை பலவகைப்படும். நிலம், வீடு, நகை, கடன், நற்பெயர், சில வேளைகளில் தீராப் பகை. இவற்றுள் சிலவற்றைப் பிள்ளைகள் விரும்பி ஏற்கின்றனர். சிலவற்றை மறுக்க வழியின்றிச் சுமக்கின்றனர். ஆபத்தையே குடும்பச் சொத்தாகத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றித் தருவோரும் உளர். கழைக்கூத்தாடிக் குடும்பங்கள் அத்தகையவை. தாய் நடந்த கயிற்றில் மகள் நடக்கிறாள். பாட்டன் அடித்த மேளத்தைப் பேரன் அடிக்கிறான். இவ்வாறு ஆபத்தைக் கொடுக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டா? அதனை வேண்டாம் என்று சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டா? வட்டமாக நின்று பார்க்கும் நமக்கு இதில் பங்கு என்ன? இம்மூன்று வினாக்களையும் நாம் ஒருமுறையேனும் நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும்.

பழைய கலை, பழைய இழிவு

கயிற்றின் மேல் ஆடும் கலை நம் மண்ணுக்குப் புதிதன்று. குறுந்தொகையின் ஏழாம் பாடலில், காற்றில் அலைப்புண்டு ஒலிக்கும் வாகை நெற்றின் ஓசைக்குக் கயிற்றில் ஆடுவோரின் பறையொலி உவமையாகிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர், கள்ளை நீரென்று எண்ணிக் குடித்துத் தளர்ந்த மயிலின் நடைக்கு, விழாக்களத்தில் கயிற்றின் மேல் தாளத்திற்கேற்ப நடக்கும் ஆடுமகளை உவமை காட்டுகிறார். கேட்போர் அறிந்ததொன்றைக் கொண்டே புலவர் அறியாததை விளக்குவர். ஆகவே, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கயிறாடும் பெண் தமிழ்நாட்டில் எல்லாரும் கண்டறிந்த காட்சியாக இருந்திருக்கிறாள்.

ஆனால், இலக்கியத்தில் இடம்பெற்ற அவளுக்கு ஊருக்குள் இடம் கிடைத்ததா? ஓரிடத்தில் தங்காது திரிவோரை ஐயுறுவது அரசுகளின் பழைய வழக்கம். ஆங்கில அரசு 1871-ஆம் ஆண்டு கொணர்ந்த குற்றப் பரம்பரைச் சட்டம், அலைந்து பிழைத்த பல இனக்குழுக்களைப் பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்தியது. விடுதலைக்குப் பின் 1952-இல்தான் அச்சட்டம் நீங்கியது. அதன் பின்னும் எண்ணம் மாறிற்றில்லை. 1959-ஆம் ஆண்டின் பம்பாய் இரவலர் தடைச் சட்டம், பொதுவிடத்தில் பாடியும் ஆடியும் வித்தை காட்டியும் பொருள் பெறுவதையும் பிச்சை என்றே வரையறுத்தது. தில்லிக்கும் விரிவாக்கப்பட்டிருந்த அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைத் தில்லி உயர்நீதிமன்றம் 2018-இல் செல்லாதவை என்று அறிவித்தது. வியர்வை சிந்திப் பெறும் காசு கூலியா, பிச்சையா? மேடையில் ஆடினால் சன்மானம், தெருவில் ஆடினால் பிச்சை என்று பிரித்தவர் யார்? தொழிலை இழிவென்று சொல்லிவிட்டு, அத்தொழிலை விட்டு வெளியேறும் வழியையும் அடைத்துவிட்டால், மரபுரிமை என்னும் சொல்லே பொய்யாகி விடுகிறது.

ஒரு குடும்பத்தின் கதை

மேலை நாட்டுக் குடும்பம் ஒன்றின் வரலாறு இங்கே நமக்கு உதவும். ஜெர்மனியின் மக்டிபர்க் நகரில் 1905-இல் பிறந்தவர் கார்ல் வாலண்டா. வித்தைக் குடும்பத்துப் பிள்ளை. 1928-இல் அமெரிக்கா சென்று, அடியில் வலையின்றிக் கம்பியில் நடந்து பெரும்புகழ் பெற்றார். எழுவர் ஒருவர் தோள் மேல் ஒருவராக நிற்கும் கோபுரம் அவர் குடும்பத்தின் தனிச்சிறப்பு. 1962 ஜனவரி 30 அன்று டெட்ராய்ட் நகரில் அக்கோபுரம் சரிந்தது. அவருடைய மருமகனும் உறவினர் ஒருவரும் இறந்தனர். வளர்ப்பு மகன் மாரியோ இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். மறுநாளே குடும்பம் மீண்டும் கம்பியேறியது. 1963-இல் மைத்துனி ஒருவர், 1972-இல் மற்றொரு மருமகன் என்று இழப்புகள் தொடர்ந்தன. இறுதியில் 1978 மார்ச் 22 அன்று, தம் எழுபத்து மூன்றாம் வயதில், சான் ஹுவான் நகரில் இரு கட்டடங்களுக்கிடையே நடக்கையில் கார்ல் வாலண்டாவும் விழுந்து இறந்தார்.

இதோடு அக்கதை முடியவில்லை. அவருடைய கொள்ளுப்பேரன் நிக் வாலண்டா 2011-இல் அதே இடத்தில், தம் தாயுடன், அவர் நடந்து முடிக்காத தொலைவை நடந்து முடித்தார். 2012-இல் நயாகரா அருவியின் மேல் நடந்தபோது, அதனை ஒளிபரப்பிய தொலைக்காட்சி நிறுவனத்தின் வற்புறுத்தலால் உடலைக் கம்பியோடு பிணைக்கும் காப்புக்கயிறு அணிந்தார். பார்த்தவர் வியப்பு அதனால் குறைந்துவிடவில்லை. மூடுபனியும் காற்றும் நடையின் அருமையும் அப்படியே இருந்தன. நீங்கியது சாவு மட்டுமே.

இங்கே நாம் கவனிக்கத் தக்க செய்தி ஒன்றுண்டு. இளமையில் நிக் வாலண்டாவுக்கு மருத்துவம் பயிலும் எண்ணம் இருந்தது. 1998-இல் டெட்ராய்ட்டில் அதே எழுவர் கோபுரத்தைக் குடும்பத்தார் மீண்டும் நிகழ்த்தியபோது அதில் பங்கேற்ற பின்னரே, இதுவே தம் வாழ்வு என்று துணிந்தார். அதாவது, அவர் முன் வேறொரு கதவும் திறந்திருந்தது. அதனைக் கண்டும் அவர் கம்பியைத் தேர்ந்தார். அத்துணிவை நாம் ஏற்காமல் இருக்கலாம். ஆயினும், அது அவருடைய துணிவு. சந்தைத் திடலில் ஆறு வயதில் கயிறேறும் சிறுமிக்கு அத்தகைய இரண்டாம் கதவு எங்கே இருக்கிறது?

சட்டம் வரைந்த கோடு

2011 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், சர்க்கஸ்களில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்து அறிவிக்கை வெளியிடுமாறு நடுவண் அரசுக்கு ஆணையிட்டது. ஏழைக் குடும்பங்களிலிருந்து அழைத்துவரப்பட்டு, கூடாரங்களில் அடைபட்டுத் துன்புற்ற சிறாரின் நிலையே அதற்குக் காரணம். பின்னர் 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டோரை எவ்வேலையிலும் அமர்த்தலாகாது என்று விதித்து, இரண்டு விலக்குகளை அளித்தது. பள்ளி நேரத்திற்குப் பின் குடும்பத்துக்கும் குடும்பத் தொழிலுக்கும் உதவலாம், அத்தொழில் ஆபத்தானதாக இல்லாதவரை. திரைப்படம், தொலைக்காட்சி, விளம்பரம் முதலியவற்றில் கலைஞராகப் பங்கேற்கலாம், சர்க்கஸ் நீங்கலாக.

சர்க்கஸ் நீங்கலாக என்ற அச்சிறு தொடர் சிந்திக்கத் தக்கது. குழந்தையின் உடலைக் காக்கும் நல்லெண்ணம் அதில் உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், விளக்கொளியில் நள்ளிரவுவரை ஆடவைக்கப்படும் பிள்ளையின் களைப்பு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அப்பிள்ளையின் பெற்றோர் முகத்தில் பெருமிதம் தெரிகிறது. தெருவில் ஆடும் பிள்ளையின் பெற்றோரிடம் நாம் குற்றம் காண்கிறோம். இரு பெற்றோரும் தம் பிள்ளையின் திறமையையே உலகுக்குக் காட்டுகின்றனர். வேறுபாடு வறுமையில் இருக்கிறது; அன்பில் இல்லை.

நம் ஊரும் இதற்கு விலக்கன்று

நிலக்கடலை ஏலத்துக்கும் வாலீசுவரர் கோயிலுக்கும் பெயர்பெற்ற சேவூரில் வாழும் நமக்கு, குடும்பத் தொழில் பிள்ளையின் தோளில் ஏறும் விதம் தெரியாததன்று. திருப்பூரின் பனியன் தொழில் வளர்ந்த நாள்களில், தையல்காரர் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுக்கும் 'கைமடி' வேலையில் எத்தனை சிறுவர் கைகள் ஓடின! தொழிலைக் கற்றுக்கொள்கிறான் என்று பெரியோர் சொன்னார்கள். அது முழுப் பொய்யன்று. கைமடியாகத் தொடங்கித் தையல்காரராகி, பின் சொந்தமாகப் பட்டறை வைத்தவர் உண்டு. ஆயினும், வென்றவர் கதையை மட்டும் சொல்லி அனைவர் சுமையையும் நியாயப்படுத்துதல் அறமன்று. எழுத்தறியாமல் நின்றுபோனவர் தம் கதையைச் சொல்ல எவரும் மேடை அமைத்துத் தருவதில்லை.

இன்னொரு வேறுபாட்டையும் காண்போம். விழுப்புரத்தில் மாணவர் பலர் மல்லர் கம்பம் பயில்கின்றனர். கம்பத்திலும் தொங்கும் கயிற்றிலும் உடலை வில்லென வளைக்கும் அவர்களுக்குப் பயிற்சியாளர் உண்டு, அடியில் மெத்தை உண்டு, பதக்கமும் சான்றிதழும் உண்டு. கழைக்கூத்தாடியின் மகளும் அதே போல் முதுகை வளைக்கிறாள். அவளுக்குக் கிடைப்பவை தட்டில் விழும் சில்லறைகள். உடலின் கல்வி ஒன்றே. அதற்கு நாம் சூட்டும் பெயர்கள் இரண்டு. கேரளத்தின் தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் சர்க்கஸ் பயிற்சிக்கூடம் தொடங்கியபோது, இரத்த உறவின் வழி மட்டுமே சென்ற வித்தை ஆசிரியரின் வழியாகவும் செல்லக்கூடியதாயிற்று. ஒரு குடும்பத்தின் தலையெழுத்தாக இருந்தது விரும்புவோர் கற்கும் கலையாக மாறியது.

கற்பது வேறு, பிழைப்பது வேறு

"சிறு வயதிலேயே பழகாவிட்டால் எலும்பு முற்றிவிடும், கலையே அழிந்துவிடும்" என்பர். அதில் உண்மை இருக்கிறது. ஆனால், பழகுதல் என்பதும் பிழைத்தல் என்பதும் வேறு வேறு. மணற்பரப்பின் மேல் முழங்கால் உயரத்தில் கட்டிய கயிற்றில் ஒரு பிள்ளை பழகட்டும். அன்றைய அடுப்பு எரிவது அப்பிள்ளை விழாமல் நடப்பதைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. தூய தொன்போஸ்கோ சிறுவராக இருந்தபோது, வித்தைக்காரரைக் கூர்ந்து பார்த்துக் கற்று, தம் ஊர்ப் புல்வெளியில் இரு மரங்களுக்கிடையே கயிறு கட்டி நடந்தார். அவர் பெற்ற கட்டணம், கூடியிருந்தோர் தம்மோடு செபித்ததும், அவர் மீண்டும் சொன்ன மறையுரையைக் கேட்டதுமே. அவரும் வறியவர்தாம். ஆயினும் அக்கயிற்றை அவர் தாமே கட்டினார். வேண்டாதபோது தாமே அவிழ்க்கவும் முடிந்தது.

கொடுப்பதைக் கீழே வைக்கவும் பிள்ளைக்கு இயலும்போதுதான் பெற்றோர் கொடுப்பது கொடையாகிறது. இயலாதபோது அது தளையாகிறது. கழைக்கூத்தாடிக்கு மட்டுமல்ல, தம் மகனை மருத்துவராக்கியே தீர்வேன் என்னும் தந்தைக்கும் இவ்விதி பொருந்தும்.

இனி, பார்ப்பவராகிய நம் பங்கு. கயிறு உயர உயரக் காசு கூடுகிறது. பிள்ளை சிறியதாகச் சிறியதாகக் கூட்டம் பெருகுகிறது. அப்படியானால் கயிற்றின் உயரத்தை அத்தந்தை மட்டும் தீர்மானிக்கவில்லை. நாமும் சேர்ந்தே தீர்மானிக்கிறோம். காசைப் போட்டுவிட்டு நகர்வதும், பாவம் என்று சொல்லிப் போடாமல் நகர்வதும் ஒன்றுபோலவே எளியவை. அக்குடும்பம் ஊரில் தங்கும் நாள்களில் அப்பிள்ளைக்கு நம் பள்ளியின் கதவு திறக்குமா என்று கேட்பது சற்றுக் கடினம்.

கயிற்றில் நடப்பவள் கையில் நீண்ட கழை இருக்கிறது. அது அவளைத் தாங்குவதில்லை. உடல் சாயும் வேகத்தைக் குறைத்து, தன்னைத் திருத்திக்கொள்ளச் சிறிது நேரம் தருகிறது, அவ்வளவே. ஒரு குழந்தைக்குக் கல்வி செய்வதும் அதுவே. அவள் கயிற்றிலேயே நடக்கலாம், இறங்கியும் வரலாம். முடிவெடுக்க அவளுக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை அவளுக்குக் கொடுக்க வேண்டியவர்கள் கீழே நிற்பவர்களாகிய நாம்.