சாதனையும் கணக்கேடும்

அன்றாடக் கடமைகளைக் கணினியில், எவ்வித அலங்காரமுமற்ற ஓர் எழுத்துக்கோப்பில், வரிக்கு ஒன்றாகக் குறித்துவைப்போர் இன்று பலர். வைகறையில் எழுதல், அரைமணி ஜபம், கீதை பாராயணம் என வரிகள் நீள்கின்றன. முடித்த வரிக்கு ஓர் அடையாளம் இடுகின்றனர். மாத முடிவில், 30 நாட்களில் 26 நாட்கள் ஜபம் நடந்தது என்று தெரிகிறது. இந்த எண் காட்டுவது மனம் பண்பட்டதையா, பட்டியல் நிறைந்ததையா?

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் (1706–1790) இளமையில் 13 நற்பண்புகளைத் தேர்ந்து, பண்புக்கு ஒரு பக்கமாகச் சிற்றேடு ஒன்று அமைத்தார். பக்கந்தோறும் ஏழு கிழமைகளுக்கும் கட்டங்கள் இட்டு, தவறிய இடத்தில் கரும்புள்ளி வைத்தார். வாரம் ஒரு பண்பில் தனிக்கவனம் செலுத்தினார். ஆண்டுக்கு நான்கு சுற்றுகள். தாம் எண்ணியதினும் தம் குறைகள் மிகுதி என்று ஏட்டால் உணர்ந்ததாகவும், அவை குறையக் கண்டு மகிழ்ந்ததாகவும் சுயசரிதையில் கூறுகிறார். ஆனால் செருக்கின்முன் அந்த முறை தடுமாறியது. செருக்கை வென்றுவிட்டதாகக் கருதினாலும், தம் பணிவைப் பற்றியே செருக்குக் கொள்ள நேரும் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

பயிற்சி உறுதிபெற மூன்று வேண்டும் என்பது பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரம் கூறும் கருத்து: நெடுங்காலம், இடைவிடாமை, சிரத்தை. முதலிரண்டையும் ஏடு அளக்கும். மூன்றாவது அதன் அளவைக்கு அப்பாற்பட்டது.

ஒருவர் ஜபத்தில் அமர்ந்திருக்கையில் நோயுற்ற தாய் தண்ணீர் கேட்கிறாள். எழுந்து சென்று பணிவிடை செய்தவரின் ஏட்டில் அன்று ஒரு வரி வெறுமையாக நிற்கும். செவிசாய்க்காமல் எண்ணிக்கையை முடித்தவரின் ஏட்டில் குறையே இராது. இருவருள் சாதனையில் முன்னேறியவர் யார்?

அதற்காக ஏட்டையே தூக்கி எறிவது விவேகமன்று. 'நேற்றும் செய்தேன், இன்றும் செய்தேன்' என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது மனத்தின் இயல்பு. வெற்றுக்கட்டம் அந்த மயக்கத்தைக் கலைக்கிறது. மனத்தை அடக்கும் வழியாகக் கீதையின் ஆறாம் அத்தியாயம் அப்பியாசத்தையும் வைராக்கியத்தையும் சேர்த்தே உபதேசிக்கிறது. அந்த வைராக்கியம் நாம் சேர்க்கும் எண்ணிக்கைக்கும் பொருந்தும். குறித்ததை உண்மையாகக் குறித்து, நிறைந்த பக்கத்தைக் கண்டு களிக்காமலும், வெறுமையான கட்டத்தைக் கண்டு சோராமலும், பலனை இறைவனிடம் ஒப்படைத்து மறுநாளைத் தொடங்குபவனுக்கே ஏடு துணையாகிறது.