சாமுண்டி மலைப் படிகளும் மீமாம்சையின் நெற்குத்தும்

மைசூரு நகரை ஒட்டி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,060 மீட்டர் உயரத்தில் நிற்கும் சாமுண்டி மலைக்கு இரண்டு வழிகளில் செல்கிறார்கள்: ஒன்று வளைந்து வளைந்து ஏறும் தார்ச்சாலை, மற்றொன்று 17ஆம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் அமைத்த, வழக்கில் 1,008 என்று எண்ணப்படும் கற்படிகள். இரண்டும் உச்சியிலுள்ள சாமுண்டி தேவியின் ஒரே சந்நிதியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதால், படியேறி வந்தவரின் தரிசனத்திற்கும் பேருந்தில் வந்திறங்கியவரின் தரிசனத்திற்கும் வேறுபாடு உண்டா என்ற வினா எழுகிறது.

உடல் வருந்தினால் புண்ணியம் கூடும் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விடை. அது நிற்காது; நாள்தோறும் விடியற்காலையில் இதே படிகளில் உடற்பயிற்சிக்காக ஏறி, கோயிலுக்குள் நுழையாமலே இறங்கிவிடும் மைசூரு வாசிகள் பலர் உள்ளனர், அவர்களுடைய வியர்வையை யாரும் யாத்திரை என்று அழைப்பதில்லை.

இவ்விடத்தில், வேத விதிகளின் பொருளை ஆராயும் தரிசனமாகிய மீமாம்சை ஒரு நுட்பமான கருவியைத் தருகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் செய்யப்படும் வேள்விகளில் நெல்லை உலக்கையால் குத்தி உமி நீக்க வேண்டும் என்பது விதி. உமியை நகத்தால் உரித்தும் நீக்கலாம், அரிசி ஒன்றேதான். ஆயினும் குத்தித்தான் நீக்க வேண்டும் என்று விதி ஒரு வழியை மட்டும் தேர்ந்துகொள்வதால், கண்ணுக்குத் தெரியும் பயனாகிய அரிசிக்கு மேலாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு பயனும் (இதனை அதிருஷ்டம் என்பர்) அச்செயலில் விளைகிறது என்று மீமாம்சகர் கொண்டனர். பல வழிகள் இருக்க ஒன்றையே கட்டாயமாக்கும் இத்தகைய விதிக்கு நியம விதி என்று பெயர்.

சாமுண்டி மலையில் நெல்லின் இடத்தில் மலையுச்சியும் உலக்கையின் இடத்தில் படிகளும் உள்ளன; ஆனால் படியேறித்தான் வர வேண்டும் என்று விதிக்கும் வேதவாக்கியம் எதுவும் இல்லை. அந்த விதியைப் பக்தரே தமக்கு இட்டுக்கொள்கிறார். தமிழில் நேர்த்திக்கடன் என்றும் கன்னடத்தில் ஹரகெ என்றும் சொல்லப்படும் வேண்டுதல் அதுவே. ஆகவே பயன் வருத்தத்திலிருந்து பிறப்பதாகக் கொள்வதைவிட, முன்னதாகச் செய்துகொண்ட சங்கல்பத்திலிருந்து, அதாவது மனத்தால் ஏற்ற உறுதியிலிருந்து, பிறப்பதாகக் கொள்வதே பொருந்தும். அவ்வாறாயின் முழங்கால் வலியால் பேருந்தில் வரும் மூதாட்டிக்குக் குறைவொன்றும் இல்லை. படிவழியின் இடையே உள்ள, 1664இல் செதுக்கப்பட்ட பெரிய நந்தி வரை காரில் வந்து, எஞ்சிய முந்நூறு படிகளை மட்டும் ஏறுபவரின் நிலை என்ன என்பது மீமாம்சகர்கள் விரும்பி வாதிட்டிருக்கக்கூடிய சிக்கல்.

இமயத்தின் ஏரி யாத்திரைகளில் இவ்வினா சற்று வேறு உருவம் பெறுகிறது. இமாச்சலப் பிரதேசத்தில் 4,000 மீட்டருக்கு மேல் உள்ள மணிமகேஷ் ஏரிக்கு ஹட்சரிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் நடந்து செல்வது மரபு. இப்போது யாத்திரைக் காலத்தில் பெரும்பகுதித் தொலைவை ஹெலிகாப்டரில் கடப்போரும் உள்ளனர். அங்கே முதன்மைச் செயலாகிய அங்கி ஏரியில் நீராடுவது, நடை அதற்குத் துணையாகிய அங்கம் என்று எளிதில் பிரித்துவிடலாம். சாமுண்டி மலையிலும் தேவிகெரே என்னும் நீர்நிலை உண்டு. ஆனால் தசராவையும் தேரோட்டத்தையும் அடுத்து அங்கே தெப்பத்தில் எழுந்தருள்வது தேவியின் உற்சவமூர்த்தி என்பதால், பயணம் செய்பவள் தேவியே ஆகிறாள், கருவறையே யாத்திரையின் எல்லை என்ற எண்ணமும் தளர்கிறது.

அங்கி, அங்கம் என்னும் பிரிவினையை முற்றிலும் குழப்புவது ஆஷாட மாதத்து வெள்ளிக்கிழமைகளில், அதாவது தமிழரின் ஆனி, ஆடியை ஒட்டி வரும் நாட்களில், காணப்படும் வழிபாடு. ஒரு கையில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருக்கும் பெண் ஒவ்வொரு படியிலும் குனிந்து, கல்லின் விளிம்பில் விரலால் மஞ்சளைத் தீற்றி, நடுவே குங்குமம் வைத்து, நிமிர்ந்து, அடுத்த படியில் மீண்டும் குனிகிறாள். பின்னால் வருவோர் அப்பொட்டுகளை மிதிக்காமல் ஓரமாகக் கால் வைத்து ஏறுகின்றனர். உலக்கையை யாரும் பூசித்துக்கொண்டே நெல் குத்துவதில்லை. இங்கோ கருவியாக இருக்க வேண்டிய படியே வழிபடப்படும் பொருளாகிவிட்டதால், படிகள் தரிசனத்திற்கு அங்கமா, அல்லது உச்சியில் கிடைக்கும் தரிசனமே இந்தப் படிபூசையின் நிறைவுச் சடங்காகிய அங்கமா என்பதை மீமாம்சையின் அளவுகோலால் மட்டும் தீர்மானிக்க முடிவதில்லை.