பதுங்கறையின் கதவும் பூங்காவின் பெஞ்சும்

1961 ஜூலை 25 இரவு அமெரிக்க அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் பேசினார். பெர்லின் நகரத்தை வைத்து ரஷ்யாவோடு தகராறு முற்றிக்கொண்டிருந்த நேரம். போர் மூண்டால் கதிரியக்கத் தூசியிலிருந்து மக்கள் தப்பிக்கப் பதுங்கறைகள் வேண்டும் என்றார் அவர். அந்தப் பாதுகாப்புப் பணிக்கென்று 20 கோடியே 70 லட்சம் டாலர் கூடுதலாகக் கேட்டார். செப்டம்பரில் வெளியான லைஃப் வார இதழ், பதுங்கறை கட்டும் முறையைப் படங்களோடு விளக்கியது. நூற்றுக்கு 97 பேர் பிழைக்கலாம் என்று அதன் அட்டை சொன்னது. உள்ளே அதிபரின் கடிதமும் இருந்தது.

குடும்பத்தலைவர்கள் நிலவறையை அளந்தார்கள். எத்தனை டப்பா உணவு, எத்தனை குடம் தண்ணீர் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு அந்த வீட்டு ஆட்களோடு முடிந்துவிட்டது. அப்போதுதான் ஒரு கேள்வி எழுந்தது: சைரன் ஊதியதும் அடுத்த வீட்டுக்காரர் பிள்ளைகளோடு வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வது?

சுட்டுவிடுவேன் என்று சிலர் வெளிப்படையாகவே சொன்னார்கள். பதுங்கறையின் வாசலில் இயந்திரத் துப்பாக்கி வைக்கப்போவதாகச் சிகாகோ புறநகர்க்காரர் ஒருவர் சொன்னது, அந்த ஆகஸ்டில் டைம் இதழில் வந்தது. செப்டம்பர் 29 அன்று 'ட்விலைட் ஸோன்' தொலைக்காட்சித் தொடரில் ராட் செர்லிங் எழுதிய 'தி ஷெல்டர்' ஒளிபரப்பானது. தெருவே மதிக்கும் ஒரு மருத்துவரின் பிறந்தநாள் விருந்து. அவர் பதுங்கறை கட்டும் சத்தத்தைச் சொல்லி அண்டை வீட்டார் கேலி பேசிச் சிரிக்கிறார்கள். வானொலியில் அபாய அறிவிப்பு வருகிறது. மருத்துவர் மனைவியோடும் மகனோடும் உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்கிறார். மூன்று பேருக்குத்தான் காற்று இருக்கிறது என்கிறார். கொஞ்ச நேரம் முன்பு அவரை வாழ்த்திக் கோப்பை உயர்த்தியவர்கள் கெஞ்சுகிறார்கள், பிறகு தங்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள். ஒருவன் இன்னொருவனைப் பார்த்து, பிழைக்க வந்த வெளிநாட்டான் என்று ஏசுகிறான். கடைசியில் குழாய் ஒன்றைத் தூக்கி வந்து கதவை இடித்துப் பிளக்கிறார்கள். பிளந்த நொடியில், ஆபத்து எதுவும் இல்லை என்கிறது வானொலி.

மறுநாள் தேதியிட்ட 'அமெரிக்கா' என்ற இயேசு சபை வார இதழில் பாதிரியார் எல். சி. மெக்ஹியூ இதே கேள்விக்கு அறவியல் விடை எழுதியிருந்தார். உன் குடும்பத்துக்கென்று கட்டிய இடத்தில் வலுக்கட்டாயமாக நுழைகிறவன் ஆக்கிரமிப்பாளன். அவனைத் தடுக்க உனக்கு உரிமை உண்டு. பிறருக்காக உயிரைக் கொடுப்பது மேலான அன்புதான், ஆனால் அது கடமை ஆகாது. சாரம் இவ்வளவுதான். நாடு முழுதும் சர்ச்சை கிளம்பியது. வாஷிங்டனின் எபிஸ்கோப்பல் ஆயர் ஆங்கஸ் டன், தன் உயிரை மட்டும் காத்துக்கொண்டு அயலானைக் கைவிடும் கொள்கையைக் கிறிஸ்தவ மனசாட்சி ஏற்க முடியாது என்று கண்டித்தார்.

மெக்ஹியூவைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்கிவிடுவது நியாயமல்ல. தற்காப்பு பாவமல்ல என்று 13ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்வினாஸ் வகுத்துவைத்த பாதையில்தான் அவர் நடந்தார். மூன்று பேருக்கான காற்றைப் பத்துப் பேர் சுவாசித்தால் பத்துப் பேரும் சாவார்கள். கைக்குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாயிடம் கதவைத் திற என்று யார் சொல்வது?

ஆனால் அந்தக் கதவு அங்கே எப்படி வந்தது? அதைத்தான் அன்றைய விவாதம் விட்டுவிட்டது. இரு வல்லரசுகளின் தலைநகரங்களில் எடுத்த முடிவுகளுக்கான முழுப் பாவச்சுமையும், சிமெண்ட் கல் அடுக்கிய ஒரு தகப்பன் தலையில் இறங்கியது. நகரங்களைச் சாம்பலாக்கும் ஆயுதத்தைக் குவித்தவரிடம் அந்த விவாதம் விளக்கம் கேட்கவில்லை. கதவைத் தட்டப்போகிற பக்கத்து வீட்டுக்காரர் எதிரி ஆனார். லூக்கா நற்செய்தியில் ஒரு சட்ட அறிஞர், எனக்கு அயலான் யார் என்று இயேசுவிடம் கேட்கிறார். இயேசு நல்ல சமாரியன் கதையைச் சொல்லிவிட்டு, அடிபட்டுக் கிடந்தவனுக்கு அயலானாக நடந்துகொண்டது யார் என்று திருப்பிக் கேட்கிறார். 1961இலும் கேள்வியைத்தான் மாற்றிக் கேட்டிருக்க வேண்டும்.

ஆறு ஆண்டு முன்பே அப்படி மாற்றிக் கேட்டவர் ஒருவர் இருந்தார். டாரதி டே, 'கத்தோலிக்கத் தொழிலாளர்' இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். நியூயார்க்கில் வீடற்றவர்களோடு வாழ்ந்தவர். 1955 ஜூன் 15 அன்று அமெரிக்கா முழுதும் அணுத்தாக்குதல் ஒத்திகை. சைரன் ஊதியதும் எல்லோரும் தெருவை விட்டு மறைவிடத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் நியூயார்க் சட்டப்படி குற்றம். டாரதியும் நண்பர்களும் நகர மன்றத்தின் எதிரே இருந்த பூங்காவின் பெஞ்சுகளை விட்டு எழவில்லை. அணுகுண்டுக்கு ஒளிவிடம் கிடையாது, இருப்பதுபோல் நடிக்க மாட்டோம், ஹிரோஷிமாவுக்கு நாங்கள் செய்யும் பரிகாரம் இது என்பது அவர்கள் நிலை. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த ஆகஸ்ட் 6, கத்தோலிக்கருக்கு இயேசு மலைமேல் ஒளிமயமாகத் தோற்றம் மாறிய திருநாள். மலைமேல் அந்த ஒளி. நகரத்தின்மேல் இந்த ஒளி.

இருபதுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். ஒத்திகைக் கணக்கின்படி அன்று நியூயார்க்கில் இறந்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர். அந்தக் கற்பனைச் சாவுகளுக்குத் துணைபோன கொலைகாரர்கள் என்று கைதானவர்களை நீதிபதி சாடினார். சட்டப் புத்தகத்துக்கு வெளியே வந்து யோசித்தால் கொலைகாரர் என்ற வார்த்தை எங்கே போய்ச் சேர வேண்டும்? டாரதி அடுத்தடுத்த ஆண்டுகளிலும் ஒத்திகையின்போது மறைவிடத்துக்குப் போக மறுத்தார். 1957இல் 30 நாள் தண்டனை. அப்போது அவருக்கு வயது 59.

ஒத்திகை கற்றுத்தந்தது ஒளிந்துகொள்ள மட்டுமல்ல. தினமும் செய்யும் பூசைபோல அது மனத்தைப் பழக்கியது. 'டக் அண்ட் கவர்' என்ற அரசுப் படத்தில் பெர்ட் என்னும் கார்ட்டூன் ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளும். பிள்ளைகள் மேசைக்கடியில் குனிந்து பிடரியைக் கையால் மூடுவார்கள். நியூயார்க் பள்ளிகள் 1950களின் தொடக்கத்தில் மாணவர்களுக்குப் பெயர் பொறித்த உலோக வில்லைகளைக் கொடுத்தன. படைவீரர் அணியும் வில்லை போன்றது. தொலைந்துபோன குழந்தையையும், அடையாளம் தெரியாமல் எரிந்துபோன குழந்தையையும் இனங்காண அது உதவும். காலையில் மகளுக்குத் தலை வாரி, அதைக் கழுத்தில் மாட்டிவிட்ட தாய் எதற்குப் பழகிக்கொண்டாள் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

பழக மறுத்தவர்களும் தாய்மார்தான். 1960 மே மாத ஒத்திகையின்போது குழந்தைகள், விளையாட்டுச் சாமான்கள், தள்ளுவண்டிகளோடு பெண்கள் நகர மன்றத்தின் எதிரே இருந்த அந்தப் பூங்காவில் திரண்டார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் மறைவிடத்துக்குப் போகவில்லை. அத்தனை பேரைக் காவலர்களால் அள்ளிக்கொண்டு போக முடியவில்லை. அடுத்த ஆண்டு கூட்டம் இன்னும் பெருகியது. 1961க்குப் பிறகு அந்த ஒத்திகை நடக்கவில்லை.

1962 செப்டம்பரில் 83 வயது ராஜாஜி இந்தியாவிலிருந்து வாஷிங்டனுக்குப் போனார். மேலைநாட்டுப் பயணம் அவருக்கு அதுவே முதல் முறை. காந்தி சமாதான நிறுவனத்தின் தூதராகக் கென்னடியைச் சந்தித்து, மற்றவன் நிறுத்தட்டும் என்று காத்திராமல் அணுகுண்டுச் சோதனையை அமெரிக்கா முதலில் நிறுத்தட்டும் என்று வாதாடினார். பதுங்கறைக் கதவுக்கு எவ்வளவோ முன்னால், கேள்வி தொடங்கும் இடத்திலேயே போய் நின்றார் அந்த முதியவர். குறித்திருந்த நேரம் கடந்தும் கென்னடி கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று வாரத்துக்குள் கியூபாவில் ரஷ்ய ஏவுகணைகள் இருப்பது தெரியவந்தது. உலகம் போரின் விளிம்புக்குப் போய்த் திரும்பியது. 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன் மூன்றும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. காற்றிலும் கடலிலும் விண்வெளியிலும் சோதனை கூடாது என்றது அது. நிலத்தடிச் சோதனைகள் தொடர்ந்தன.