காவலும் கருணையும்

நாக்பூரின் புறநகர்ப் பகுதி ஒன்றில் புதிதாக வீடு கட்டிக் குடியேறியிருக்கும் ஓர் அன்பர் இவ்வாறு கேட்டிருந்தார்: ‘சுற்றிலும் வீடுகள் இன்னும் எழும்பவில்லை. பகலில் என் மனைவியும் வயது முதிர்ந்த தாயாரும் தனித்திருக்கிறார்கள். விலங்குகள் காப்பகத்திலிருந்து ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து காவலுக்குப் பழக்கலாம் என்று எண்ணுகிறேன். ஆனால் மனம் முழுவதும் ஒப்பவில்லை. ஆதரவற்ற ஜீவனுக்கு வீடு கொடுப்பது கருணை என்று பாராட்டுகிறார்கள். நானோ என் பயத்தைப் போக்கிக்கொள்ளத்தான் அதைக் கொண்டுவருகிறேன். இது கருணையா, வியாபாரமா?’

கேள்வியைக் கேட்டதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். காவலுக்கு நாய் வளர்ப்போரில் பெரும்பாலோர் இதைக் கேட்பதில்லை. ‘வேளாவேளைக்குச் சோறு போடுகிறேன், அது குரைக்கிறது’ என்பதோடு அவர்கள் கணக்கு தீர்ந்துவிடுகிறது.

பயன் கருதாத அன்பே உயர்ந்தது என்று நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். அது உண்மையே. ஆனால் கிருஹஸ்தனின் வாழ்வில் எந்த உறவு பயன் கருதாமல் தொடங்கியது? உழவன் காளையை வாங்குவது அதன் அழகைக் கண்டு அன்று, ஏர் உழுவதற்காக. அப்படி வந்த காளை நோயுற்றால் இரவெல்லாம் கண்விழித்துத் தொழுவத்தில் அமர்ந்திருந்த உழவர்கள் உண்டு. கால் ஒடிந்த மறுநாளே விற்றவர்களும் உண்டு. இருவரும் ஒரே நோக்கத்துடன்தான் சந்தைக்குப் போனார்கள். ஆகவே ஓர் உயிர் எதற்காக நம் வாசலுக்கு வருகிறது என்பதை மட்டும் வைத்துத் தர்மத்தை நிர்ணயிக்க இயலாது. அந்தப் பயன் இல்லாமற்போகும் நாளில் அதன் இடம் என்ன என்பதையே ஆராய வேண்டும்.

மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பர்வத்தில் தருமபுத்திரருடன் சென்ற நாயை அறியாதார் இல்லை. ஆயினும் அக்கதையில் ஒன்றை நாம் அதிகம் கவனிப்பதில்லை. அந்த நாய் அவருக்கு எந்தக் காவலும் செய்யவில்லை. வேட்டையில் உதவவில்லை, வழி காட்டவும் இல்லை. அஸ்தினாபுரத்திலிருந்து பின்தொடர்ந்து வந்தது, அவ்வளவே. தம்பியரும் திரௌபதியும் வழியில் வீழ்ந்த பின்னும் அது வந்துகொண்டிருந்தது. நாயை விட்டுவிட்டு விண்ணுலகத் தேரில் ஏறுமாறு இந்திரன் கூறியபோது, தம்மை நம்பி வந்ததைக் கைவிடுவது மகாபாபங்களுக்கு ஒப்பானது என்று அவர் மறுக்கிறார். அது செய்த உபகாரத்தை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. நம்பி வந்தது என்ற ஒன்றையே காரணமாகச் சொல்கிறார். நாக்பூர் அன்பரின் கேள்விக்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

மறுபாதி இதைவிடக் கடினமானது. காவல் என்பதன் பெயரால் அக்குட்டியை நாம் என்னவாக ஆக்கப்போகிறோம்?

நாயை ‘உக்கிரமாக’ வளர்க்க நம் ஊர்களில் வழிவழியாகச் சில முறைகள் கையாளப்படுகின்றன. பகல் முழுவதும் சங்கிலியில் கட்டிவைத்தல், இருட்டறையில் அடைத்தல், பட்டினி போடுதல், மிளகாய் கலந்த உணவு கொடுத்தல், கோலால் சீண்டுதல் முதலியன. இவற்றால் நாய் கடிக்கும் என்பது மெய். ஆனால் அது வீரத்தினால் கடிப்பதில்லை, பயத்தினால் கடிக்கிறது. பயந்த நாய்க்குத் திருடன் யார், தபால்காரர் யார் என்ற பேதம் தெரியாது. பந்தை எடுக்க வாயிலுக்குள் ஓடிவரும் அண்டை வீட்டுக் குழந்தைதான் பெரும்பாலும் அதற்கு இரையாகிறது. திருடனோ எலும்புத் துண்டை எறிந்துவிட்டுப் போகத் தெரிந்தவன்.

‘கடித்தது நாய்தானே, நான் இல்லையே’ என்று எஜமானர் சொல்லக்கூடும். பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதத்தில் ஹிம்சையை வகைப்படுத்தும்போது, தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்ததை ஆமோதிப்பது என்று மூன்றாகப் பிரிக்கிறார். ஒரு பிராணியைப் பழக்கி அதன் பற்களால் மனிதனைக் காயப்படுத்துவது இரண்டாவது வகை. ‘நல்லவேளை, அந்தப் பிச்சைக்காரனைத் துரத்திவிட்டது’ என்று திண்ணையில் அமர்ந்து மகிழ்வது மூன்றாவது. நாட்டின் சட்டமும் ஏறக்குறைய இதையே தன் மொழியில் கூறுகிறது. வளர்ப்புப் பிராணியால் பிறருக்குத் தீங்கு நேராதவாறு காக்கத் தவறுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவின்படி குற்றமாகும்.

அப்படியானால் காவல் நாய் என்பதே தர்மத்திற்கு முரணா? அப்படியும் அன்று. ரிக் வேதத்தின் ஏழாவது மண்டலத்தில் 55-ஆவது சூக்தம், இல்லத்தைக் காக்கும் வாஸ்தோஷ்பதியை வேண்டித் தொடங்குகிறது. அடுத்து அது காவல் நாயை நோக்கித் திரும்புகிறது. குரைப்பதானால் திருடனை நோக்கிக் குரை, தெய்வத்தைத் துதிக்க வந்தவரை ஏன் விரட்டுகிறாய் என்ற கருத்தில் நாயிடம் முறையிட்டு, அதை உறங்கச் சொல்கிறது. வீட்டில் உறங்க வேண்டியவர்களின் வரிசையில் தாய் தந்தையரோடு நாயும் இடம்பெறுவது படிக்கப் படிக்க இனிமை தருவது. காவலுக்குள்ள இலக்கணம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த நாய்க்குப் பல் உண்டு. அது பளிச்சிடுவதைக் கவி பார்த்திருக்கிறார். அவர் வேண்டுவது பல்லின் கூர்மையை அன்று, விவேகத்தை.

நாயின் விவேகம் எங்கிருந்து வரும்? நம்மிடமிருந்துதான் வர வேண்டும். அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகியோர் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965-இல் ஒரு நூல் வெளியிட்டனர். பிறந்த 3-ஆவது வாரம் முதல் ஏறக்குறைய 12-ஆவது வாரம் வரை குட்டியின் மனம் திறந்திருக்கிறது. அப்போது பழகிய மனிதர்களையும் பொருள்களையும் அது உலகத்தின் இயல்பாக ஏற்கிறது. அதன் பின் காண்பவற்றை எளிதில் சந்தேகிக்கிறது என்பது அவர்கள் கண்ட முக்கிய உண்மை. இதற்குள்ளும் முதல் 8 வாரங்கள் தாயுடனும் உடன்பிறந்த குட்டிகளுடனும் கழிய வேண்டும். ஒன்றையொன்று செல்லமாகக் கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்கிறது. இந்தப் பாடத்தை மனிதரால் அவ்வளவு நன்றாகக் கற்பிக்க முடிவதில்லை. கண் திறந்தவுடன் பிரித்தெடுத்து வந்தால் ‘நம்மிடம் ஒட்டிக்கொள்ளும்’ என்பது தவறான எண்ணம்.

ஆகவே காப்பகத்திற்குச் செல்பவர் 8 வாரம் நிறைந்த குட்டியைக் கேட்கட்டும். மூலையில் ஒடுங்கி நடுங்குவதையும், எல்லாவற்றையும் மோதித் தள்ளிக்கொண்டு வருவதையும் விட்டு, முதலில் சற்றுத் தயங்கிப் பின் தானாக அருகில் வந்து முகர்ந்து பார்க்கும் குட்டி காவலுக்கு ஏற்றது. அயல்நாட்டு ஜாதி நாய்தான் வேண்டும் என்பது நம் மயக்கம். இந்நாட்டுத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் நாட்டு நாய் குட்டை ரோமமும் கூர்ந்த செவியும் உடையது. நாக்பூரின் மே மாத வெயிலைத் தாங்க வல்லது. தன் எல்லையை யாரும் சொல்லாமலே காப்பது. பனி நாட்டுக்குரிய அடர்ந்த ரோம நாயை அங்கே வாங்கிக் கட்டிவைப்பது, கம்பளிச் சட்டையைக் கழற்ற விடாமல் ஒருவரை வெயிலில் நிறுத்துவதற்குச் சமம்.

குட்டி வந்த முதல் நாளே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பார்வோ என்னும் குடல் நோய் சில நாட்களில் குட்டியைக் கொன்றுவிடக் கூடியது. அதற்கும் டிஸ்டெம்பருக்கும் உரிய தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்திற்குள் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில் 16-ஆவது வாரம் வரை போட வேண்டும். வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி 3-ஆவது மாதத்தில். பிறகு மருத்துவர் கூறும் காலத்தில் தவறாமல். ஊசி முறை முடியும் முன் தெருவில் இறக்கிவிடக் கூடாது. ஆனால் மனம் திறந்திருக்கும் காலமும் அதுவே. அதனால் கையில் ஏந்தி வெளியே கொண்டுபோய் உலகைக் காட்ட வேண்டும். மனிதர்களை வீட்டுக்கு வரவழைத்துப் பழக்க வேண்டும்.

எந்த மனிதர்களை? இங்குதான் வளர்ப்பவரின் உள்ளம் வெளிப்படுகிறது. பளபளப்பான உடையுடன் வரும் உறவினரை மட்டும் கண்டு வளர்ந்த குட்டி, பிற்காலத்தில் அழுக்குத் துணியுடன் வரும் கூலியாளைக் கண்டால் பாய்கிறது. துப்புரவுப் பணியாளர் வாசலில் நிற்கும்போது வீட்டார் முகம் சுளித்து, கழுத்துப்பட்டையை இறுகப் பிடித்தால், அந்தச் சுளிப்பும் இறுக்கமும் வாரின் வழியாகவே நாயைச் சென்றடைகின்றன. ‘எங்கள் நாய் ஆளைப் பார்த்தே எடைபோட்டுவிடும்’ என்று பெருமையாகச் சொல்வோர் பலர். அது எடைபோடுவது பெரும்பாலும் நம்முடைய தராசினால்தான். கற்றறிந்த அந்தணரிடமும் பசுவிடமும் யானையிடமும் நாயிடமும் நாயின் ஊனை உண்பவரிடமும் ஞானியர் ஒன்றையே காண்கின்றனர் என்று கீதையின் ஐந்தாம் அத்தியாயம் சொல்வதை நாள்தோறும் பாராயணம் செய்யும் வீட்டில், நாய் மட்டும் ஏழைக்குக் குரைக்குமானால் அதைச் சிந்திக்க வேண்டும். பால்காரர், வீட்டு வேலைக்கு வரும் அம்மாள், தலைக்கவசம் அணிந்தவர், தாடி வைத்தவர், கோலூன்றி நடப்பவர், பள்ளிக் குழந்தைகள் எல்லோர் கையாலும் அது ஒரு வாய் ரொட்டி உண்ணட்டும். அதிதிகளை வரவேற்பது இல்லறத்தானின் கடமை என்றால் அவன் வீட்டு நாய்க்கும் அதில் பங்கு உண்டு.

இவ்வளவு பேரிடம் பழகினால் காவல் என்னாவது என்று கேட்கலாம். காவல் உணர்வு நாம் ஊட்டுவதன்று. 6 மாதத்திற்குப் பின் மெல்லத் தலைகாட்டி, ஒன்றரை வயதுக்குள் அது தானே நிலைபெறுகிறது. தினமும் காலையும் மாலையும் வாரில் பிடித்து மனையின் எல்லையோரமாக ஒரு சுற்று அழைத்துச் செல்வதே போதிய பாடம். வாயிலில் அரவம் கேட்டு இரண்டு மூன்று முறை குரைத்ததும் அருகில் சென்று, ‘போதும்’ என்று அமைதியாகச் சொல்லி, அடங்கியவுடன் ஒரு தின்பண்டம் கொடுக்க வேண்டும். ‘உட்கார்’, ‘இரு’, ‘வா’ ஆகிய சொற்களையும் இவ்வாறே பழக்கலாம். (தமிழிலேயே பழக்கலாம். வீட்டில் அனைவரிடமும் தமிழ் பேசிவிட்டு நாயிடம் மட்டும் ஆங்கிலம் பேசுவது ஏனோ தெரியவில்லை!) திருடனைத் தடுப்பது பெரும்பாலும் அந்தக் குரைப்புதான். கடிப்பது காவலின் ஒரு பகுதியே அன்று. இரவில் நாய் குரைத்தால் எழுந்து விளக்கைப் போட்டுப் பார்ப்பது மனிதரின் பங்கு. ‘சும்மா இரு’ என்று அதட்டிவிட்டுப் புரண்டு படுத்தால் நாளடைவில் அதுவும் சும்மா இருக்கக் கற்றுக்கொள்ளும்.

அடிக்கலாமா என்று கேட்பவர்கள் மகாபாரதத்தின் தொடக்கத்தைப் படிக்க வேண்டும். அதன் கடைசியில் வரும் நாயை நினைவில் வைத்திருக்கும் நாம் ஆதிபர்வத்தில் வரும் நாயை மறந்துவிட்டோம். குருக்ஷேத்திரத்தில் ஜனமேஜயன் நடத்திய வேள்வியருகே வந்த ஒரு நாயை அவன் தம்பியர் அடித்து விரட்டினர். அது அவிப்பொருளை நக்கவும் இல்லை. கண்ணெடுத்துப் பார்க்கவும் இல்லை. அழுதுகொண்டு சென்ற மகனை அழைத்துக்கொண்டு தாய் சரமை வந்து, என் மகன் செய்த குற்றம் என்ன என்று கேட்கிறாள். அவர்களிடம் பதில் இல்லை. குற்றமற்றவனை அடித்ததால் எதிர்பாராத பயம் உங்களை வந்தடையும் என்று அவள் சபிக்கிறாள். செருப்பைக் கடித்து ஒரு மணி நேரம் கழிந்தபின் அடிவாங்கும் குட்டியின் நிலையும் அதுவே. எதற்காக அடி என்பது அதற்குத் தெரியாது. ஓங்கிய கை மட்டும் நினைவில் தங்குகிறது. பின்னொரு நாள் வேறு யாரோ அன்புடன் கை நீட்டும்போது அந்த நினைவு கடிக்கிறது. சரமையின் சாபத்தில் அமானுஷ்யம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

காப்பகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெரு நாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் 2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த உத்தரவில், விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெரு நாயைத் தத்தெடுக்கலாம் என்றும், அது மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் கூறியது. இந்த இரண்டாவது பகுதியையே வலியுறுத்த விரும்புகிறேன். பணியிட மாற்றம் வந்ததும் மரச்சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு நாயை வாசலில் விட்டுச் செல்லும் குடும்பங்கள் எல்லா நகரங்களிலும் இருக்கின்றன. காரணமின்றிப் பிராணியைக் கைவிடுவதும், நியாயமற்ற அளவுக்குக் குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆவது பிரிவின்படி குற்றங்கள். சட்டத்திற்கு அஞ்சி யாரும் தருமபுத்திரர் ஆவதில்லை. எனினும் அறிந்திருப்பது நல்லது.

கொண்டுவரும் குட்டி காவலுக்கு உதவாமலே போகவும் கூடும். சில நாய்கள் யாரைக் கண்டாலும் வாலாட்டும். அப்போது நாக்பூர் அன்பர் நல்ல பூட்டு ஒன்றும் வாசலுக்கு ஒரு விளக்கும் வாங்கிக்கொள்ளலாம். நாய் தன் இடத்தில் இருக்கட்டும். காவலில் தேர்ந்த நாயாயினும் 10 வயதுக்கு மேல் செவி மங்கத் தொடங்கும். வாயிற்கதவு திறப்பது அதற்குக் கேட்காது. உள்ளே வந்தவர் எதிரில் நின்றபின்தான் திடுக்கிட்டு எழும். அந்தக் காலத்தில் அதன் படுக்கையை வழியிலிருந்து உள்ளே தள்ளிப் போட வேண்டும். வழுக்கும் தரையில் ஒரு சணல் விரிப்பு விரிக்க வேண்டும். அருகில் செல்பவர் தரையை லேசாகத் தட்டி, தாம் வருவதை அதற்கு அறிவித்துவிட்டுச் செல்ல வேண்டும்.