கொசுறும் சந்தாவும்

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் படிக்கும் என் அக்காள் மகன் சென்ற வாரம் தொலைபேசியில் ஒரு சந்தேகம் கேட்டான். ராயபுரத்தில் வளர்ந்த பையன். வீடியோ விளையாட்டு என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"மாமா, இங்கே விளையாட்டு விற்கிற கடையில் வருடச் சந்தா கட்டினால் சலுகை தருகிறார்கள். கட்டலாமா?"

"சலுகைக்கு எதற்கடா பணம்?" என்றேன். சிரித்தான்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்நாட்டில் கேம்ஸ்டாப் என்ற பெருங்கடை 2023ஆம் ஆண்டில் தன் சந்தாவை 25 டாலர் ஆக்கியது. கட்டியவருக்கு மாதந்தோறும் 5 டாலர் தள்ளுபடிச் சீட்டு. வருடத்துக்கு 60 டாலர். ஐந்தே மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். காகிதத்தில் பிழையில்லை. ஆனால், அந்த மாதச் சீட்டு அந்த மாதத்தோடு சரி. ஏதாவது வாங்கினால்தான் அதற்கு மதிப்பு. வேறு சில்லறைச் சலுகைகளை ஒதுக்கிவிட்டால், வருடத்தில் இரண்டு முறை மட்டும் கடைக்குப் போகிறவனுக்கு 15 டாலர் நஷ்டம். அந்த நஷ்டத்துக்குப் பயந்து அவன் பன்னிரண்டு முறை போகத் தொடங்குகிறானே, அதுதான் பெரிய நஷ்டம்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இளமையில் திருவொற்றியூரில் ஒரு வாடகை நூல் நிலையத்தில் மாதச் சந்தா கட்டியிருந்தேன். கட்டிய காசு வீணாகக் கூடாதே என்று வாரத்துக்கு நான்கு நாவல்களை விழுங்கினேன். அவற்றில் ஒன்றின் பெயர்கூட இன்று நினைவில்லை. காசு வீணாகவில்லை; மாலைப் பொழுதுகள்தாம் வீணாயின.

அக்காள் காசிமேட்டில் மீன் வாங்குவாள். பேரம் முடிந்ததும் மீன்காரம்மா ஒரு கை நெத்திலியை அள்ளிப் பையில் போடுவாள். அந்தக் கொசுறுக்குச் சந்தா கிடையாது. கேட்டு வாங்கலாம்; கொடுக்காவிட்டால் வழக்குப் போட முடியாது. வியாபாரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் அன்பு அது. அதற்கும் விலை வைத்துவிட்டார்களே என்று எனக்குக் கோபம் வந்தது.

ஆனால் நியாயத்தையும் பார்க்க வேண்டும். அக்காளுக்கு உடம்பு சரியில்லாத ஒருநாள் நான் மீன் வாங்கப் போனேன். அதே மீன்காரம்மா, அதே மீன். விலை கூட; கொசுறு இல்லை. என் பக்கத்தில் எண்ணூரில் வேலை பார்க்கும் வடநாட்டு இளைஞன் ஒருவன் விரலைக் காட்டி விலை கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குக் கொசுறு என்ற சொல்லே தெரியாது. முகம் பார்த்துச் சுரக்கும் அன்பு, முகம் தெரியாதவனுக்கு அநீதியாகிவிடுகிறது.

டெக்ஸாஸில் என் மருமகனும் முகம் தெரியாதவன்தானே? 25 டாலரின் முன்னால் அவனும் அந்த ஊரில் பிறந்தவனும் ஒன்று. சந்தாவுக்கு அன்பு தெரியாது, ஓரவஞ்சனையும் தெரியாது.

மறுநாள் அவனைக் கூப்பிட்டேன். "சென்ற வருடம் எத்தனை விளையாட்டு வாங்கினாய் என்று பார். வரும் வருடம் எத்தனை வாங்குவாய் என்று பார்க்காதே. பழைய கணக்குக்கு லாபம் வந்தால் கட்டு" என்றேன்.

சிறிது நேரம் பேச்சில்லை. "மூன்றுதான் மாமா" என்றான். பிறகு, "அம்மா இன்னும் அந்த மீன்காரம்மாவிடம்தான் வாங்குகிறாளா?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன். அங்கே அவனுக்கும் ஒரு கை நெத்திலி பாக்கியிருக்கிறது.